பட்டன் மேல் ஒரு மஞ்சள் கட்டம்

“நாலு விரல் போதும்மா,” என்றார் சார்.

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில், ஜன்னல் ஓரத்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இருந்தவற்றில் அதுதான் பாதியில் நின்றுபோகாத மெஷின். அதைப் பிடிப்பதற்காகவே காலையில் முதல் ஆளாக வந்துவிடுவேன். திரையில் ஒரு இடது கை. ஐந்து விரலையும் வரைந்துவிட்டு, அது ஏன் வாழைச் சீப்பு மாதிரி இருக்கிறது என்று நொந்துகொண்டிருந்தேன்.

“கார்ட்டூன்ல எல்லாம் பாரு. கட்டை விரலோட சேத்து நாலுதான் இருக்கும். ஒரு விரலக் கொறச்சா அவ்வளவு வேலை மிச்சம். பாக்கறவங்க யாரும் எண்ண மாட்டாங்க.”

“எங்க வூட்ல எண்ணுவாங்க சார்.”

துடுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு வாய் நீளம் என்று டிபார்ட்மென்ட்டுக்கே தெரியும். என் அப்பாவின் இடது கையில் மூன்று விரல்தான் என்பது மட்டும் அவருக்கு அப்போது தெரியாது.

எல்லாரும் நர்ஸிங் படி என்று சொன்னபோது நான் படம் வரையப் போன கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “கடைசி வருடம் ஒரு குறும்படம் செய்ய வேண்டுமே, என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தார். சொல்கிறேன். கேட்டபிறகு ஏன் கேட்டோம் என்று அவர் வருத்தப்படக் கூடாது.

நொடிக்குப் பன்னிரண்டு

அனிமேஷன் என்றால் எங்கள் லைன் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொம்மைப் படம் என்று சொன்னால், “அதுக்கு எதுக்குக் காலேஜு?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு கை தகட்டை எடுத்து வைப்பதைக் காட்ட, நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். ஒவ்வொன்றிலும் விரல் ஒரு நூல் அளவு நகர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஓட்டிப் பார்க்கும்போது கை உதறும், ஜுரம் வந்தவன் கை மாதிரி.

எனக்கு உதறிக்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் வரைந்ததை ஓட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதுவும் உதறல். வகுப்பில் மற்றவர்கள் பறக்கும் மீன், பேசும் மரம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். மீனுக்கு விரல் கிடையாது.

படத்தில் வசனம் வேண்டும் என்றும் சார் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாகலூர் ரோட்டில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் ஏழெட்டுக் குடித்தனம். வீட்டுக்கார அம்மா தெலுங்கு. எதிர் வீடு கன்னடம். மாடியில் திருநெல்வேலிக்காரர்கள், அவர்கள் தமிழே எங்களுக்குப் பாதிதான் புரியும். தண்ணீர் லாரி வந்தால் சண்டை மூன்று மொழியில் நடக்கும். ஆனால் யார் குடத்தை யார் தள்ளினார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்காது. பேச்சில்லாமல் புரிய வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்த முடிவு பின்னால் எதற்கு உதவப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

மெஷின் தானாக இறங்கியது

படத்தின் கதை எங்கள் வீட்டுக் கதை.

அப்பா பாரூர்ப் பக்கம். ஏரிப் பாசனத்தில் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். அம்மாவைக் கட்டியதும் ஓசூர் வந்து ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். பிரஸ் என்றால் இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கும் மெஷின். கீழே அச்சு. அதில் தகட்டை வைக்க வேண்டும். மேலே ஒரு பெரிய இரும்புக் கட்டை. வலது பக்கம் ஒரு பட்டன், இடது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கட்டை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்காது. யாரோ புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அப்பாவின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

“மெஷின் ரெண்டாவது தடவ தானா எறங்கிருச்சு” என்றார் அப்பா. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார்கள். “மாரிமுத்து நம்ம ஆளு. வாசல் கேட்டுல போட்டுக்கறோம். பையன் ஐ.டி.ஐ. முடிக்கட்டும், அவனயும் எடுத்துக்கறோம். கேஸு கீஸுன்னு எதுக்கு அலையணும்?” அம்மா தலையாட்டினாள். அவளும்தான் என்ன செய்வாள்.

சொன்னபடியே செய்தார்கள். அப்பா கேட்டில் நின்றார். உள்ளே போகிறவர்களிடம் செல்போனை வாங்கி மரப் பெட்டியில் வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும் வேலை. என் தம்பி பிரபு ஐ.டி.ஐ. முடித்ததும் அதே பிரஸ் ஷாப்பில் ட்ரெய்னியாகச் சேர்ந்தான். ஷிப்ட்டுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்குக்குத் தகடு அடித்தால் பர்மனென்ட் என்றார்கள். இரண்டு விரலுக்குப் பதில் ஒரு வேலை. எங்கள் வீட்டில் அதை யாரும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை, நான்தான் எழுதுகிறேன்.

விபத்து நடந்த மறுநாள் அந்த மெஷின் முன்னால் பூசணிக்காய் உடைத்து, குங்குமம் தடவி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு அடுத்த ஷிப்ட்டை ஆரம்பித்தார்களாம். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வந்து சொன்னார். ஏதோ நல்ல காரியம் நடந்த மாதிரிச் சொன்னார். என் படம் அந்தப் பூசணிக்காயில்தான் முடிவதாக இருந்தது. தானாக இறங்கும் மெஷின் ஒரு அரக்கன். அவனுக்குப் பலி. இருபது வயதில் அது பிரமாதமான கதையாகத் தோன்றியது.

இரண்டாவது போன்

கை உதறுவது நிற்கவே இல்லை. கடைசியில் சாரே ஒரு வழி சொன்னார். உண்மையான கையை வீடியோ எடுத்து, அதை அடியில் வைத்து, அதன் மேலேயே ஒவ்வொரு படமாக வரை.

பிரபுவிடம் கேட்டேன். பிரஸ்ஸில் வேலை செய்யும்போது யாரையாவது எடுக்கச் சொல்லேன் என்று. முதலில் முறைத்தான்.

“உள்ள போன் உட மாட்டாங்கன்னு உனுக்குத் தெரியாதா? வாங்கி வெக்கறதே நம்ம அப்பாதான்.”

“அதான்டா வசதி.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் திரை உடைந்த பழைய போனை அப்பாவிடம் நீட்டிவிட்டு, நல்ல போனைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். பக்கத்து பிரஸ்காரர் பிகாஷ்தான் எடுத்துக் கொடுத்தார். ஒடிசாக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தமிழில் அவருக்குத் தெரிந்தது “சாப்டியா” என்ற ஒரே சொல். அதை வைத்துக்கொண்டே ஷாப்பில் எல்லாரிடமும் சிநேகமாக இருந்தார்.

வீடியோ நன்றாக வந்திருந்தது. மெஷினில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு முதற்கொண்டு தெரிந்தது. பிரபுவின் கைகள் என்ன வேகம்! எனக்கு அவனைப் பார்த்து முதல் தடவையாக மரியாதை வந்தது. லேபில் உட்கார்ந்து அந்தக் கைகளை வரைந்தேன். ஐந்து விரலும். பொட்டையும் வரைந்தேன். இடது பட்டன் மேல் ஏதோ மஞ்சளாக ஒரு சதுரம் இருந்தது, அதையும் வரைந்தேன். அடியில் என்ன இருக்கிறதோ அது மேலே வரும். கோடு சரியாகப் போகிறதா என்றுதான் கண் பார்க்கும். அது என்ன என்று கேட்காது.

கை உதறுவது நின்றது. அன்று கல்லூரி கேன்டீனில் சினேகிதிகளுக்கெல்லாம் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

“நிறுத்து பாப்பா”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரபு ஓவர்டைம் போயிருந்தான். அம்மா பாகலூர் ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் பூக் கட்டும் வேலைக்குப் போயிருந்தாள். பூவுக்கு ஞாயிறு கிடையாது. அப்பா சாப்பிட்டுவிட்டுப் பனியனோடு சுவரில் சாய்ந்திருந்தார். படம் வரையத் தாங்காத என் பழைய லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, வரைந்தவரை ஓட்டிக் காட்டினேன்.

அப்பா உற்றுப் பார்த்தார். “அஞ்சு வெரலும் போட்டிருக்கற” என்றார். குரலில் ஒரு சந்தோஷம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டாம் தடவை ஓட்டினேன்.

“நிறுத்து பாப்பா.”

நிறுத்தினேன். அப்பா மூன்று விரல் கையைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார்.

“இது என்னா, பட்டன் மேல மஞ்சளா?”

“தெரிலப்பா. வீடியோல இருந்துச்சு, வரஞ்சிட்டன்.”

“எந்த வீடியோ?”

அப்போதுதான் உளறிவிட்டேன் என்று புரிந்தது. மறைக்க வழியில்லை. காட்டினேன். தன்னை ஏமாற்றிப் போன் உள்ளே போனதைப் பற்றி அப்பா ஒரு சொல் சொல்லவில்லை. வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது எப்ப எடுத்தது?”

“போன மாசம்.”

“என் கைக்கு அப்பறம் எவனும் ஒட்ட மாட்டான்னு நெனச்சன்” என்றார் அப்பா. பிறகு, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னார்.

அந்த மஞ்சள் ஒரு டேப். தரையில் நடைபாதைக்குக் கோடு போடுவார்களே, பத்திரமாக இந்தப் பக்கம் நட என்று, அந்த டேப். இடது பட்டனை அமுக்கியபடியே வைத்து டேப்பால் ஒட்டிவிட்டால், அப்புறம் வலது பட்டன் ஒன்றை அமுக்கினால் போதும். பழைய மெஷின், ஏமாந்துவிடும். இடது கை சும்மா ஆகிவிடுகிறது. அது தகட்டை வைக்கும், எடுக்கும். பீஸ் மளமளவென்று விழும்.

“அன்னிக்குத் தகடு கோணையா ஒக்காந்துருச்சு. எடது கையால சரி பண்ணன். வலது கை பழக்கத்துல அமுக்கிருச்சு. மெஷின் தானா எறங்கல பாப்பா. என் வலது கைதான் என் எடது கைய வெட்டுச்சு.”

எனக்குப் பேச வராத நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

“சேஃப்டி ஆடிட்டுக்கு ஆளுங்க வந்தா எடுத்துருவோம். எடுத்து சட்டைக்கு உள்பக்கம் ஒட்டிக்குவோம். அவுங்க போனதும் அதே டேப்ப மறுபடியும் ஒட்றது. புதுசா கிழிச்சா ஸ்டோர்ல கேப்பான் பாரு.” இதைச் சொல்லும்போது அப்பா லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரை மன்னிக்க முடியவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மாரியண்ணன் ஸ்டைல்

சாயங்காலம் பிரபு செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

“டேப்பு ஒட்டித்தான் ஓட்றியா?”

பிரபு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“எல்லாரும்தான் ஒட்றாங்க. ஒட்டலன்னா பீஸ் வராது. பீஸ் வரலன்னா பர்மனென்ட் எங்கருந்து வரும்?”

“சூப்பர்வைசர் சொன்னானா?”

“ஒட்டுன்னு சொல்லல. எடுன்னும் சொல்லல.”

“எனுக்கும் அப்பிடித்தான்டா. என் வெரல் தரையில கெடந்தப்ப, ‘யாரு ஒட்டச் சொன்னது’ன்னு கேட்டான். உனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

பிரபு கையைக் கழுவப் போனான். அப்பா விடவில்லை. குரலை உயர்த்தினார். அப்பா குரலை உயர்த்தி நான் அதிகம் கேட்டதில்லை.

“யாருடா சொல்லிக் குடுத்தது?”

“உன் பேரத்தான் சொன்னாங்க!” என்றான் பிரபு. “சேந்த மொத நாளு. ‘மாரியண்ணன் ஸ்டைல்ல ஒட்டுடா’ன்னாங்க. மொதல்ல கண்டுபுடிச்சதே நீதானாமே. அவரு பையனுக்கே தெரிலயான்னு சிரிச்சாங்க.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். அம்மா கையில் குழம்புச் சட்டியோடு நின்றாள்.

பேரம்

பிரபுவின் கவலை வேறு. படத்தைப் பார்த்ததும் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். “பொட்டு, டேப்பு எல்லாம் அப்பிடியே இருக்குது. ஷாப்புல எவன் பாத்தாலும் எங்க மெஷின்னு சொல்லிருவான். மஞ்சள மட்டுமாவது அழிச்சிரு அக்கா.”

“சரி, பேரம்,” என்றேன். “நீ அங்க எடு. நான் இங்க எடுக்கறன்.”

“எடுத்துட்டன்னு வெச்சிக்கோ.”

“வெச்சிக்கோ எல்லாம் வேணாம். அம்மா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினான்.

நான் என் பங்கைச் செய்தேன். ஒவ்வொரு படமாகத் திறந்து மஞ்சளை அழித்து, அடியில் பட்டனை வரைந்தேன். மழைக்காலம். கரன்ட் போய்ப் போய் வந்தது. சேமிக்காமல் விட்டதெல்லாம் போகும், மறுபடியும் அழிப்பேன். சார் வந்து பார்த்தார். பாராட்டுவார் என்று நிமிர்ந்தேன்.

“ரெண்டு பட்டனையும் அமுக்கினாத்தான் எறங்கும்னு நீயே ஆரம்பத்துல காட்டியிருக்க. அப்ப எடது கை எப்படிம்மா உள்ள போச்சு? கதை நிக்கலயே.”

அவர் கேட்டது நியாயம். மஞ்சளை எடுத்தால் படம் பொய். ஆனால் அங்கே மெஷினில் டேப் இல்லை என்றால் இங்கே படம் பொய்யாகப் போகட்டும் என்று இருந்தேன். தேறினால் போதும். எனக்கு வேண்டியது படமில்லை, தம்பியின் கை.

சட்டையின் உள்பக்கம்

ஒரு சனிக்கிழமை, துணி அலசிக்கொண்டிருந்தேன். பிரபுவின் யூனிஃபார்ம் சட்டையைத் திருப்பிப்போட்டேன். உள்பக்கம், விலாப் பக்கமாக, ஒரு மஞ்சள் சதுரம். ஓரமெல்லாம் நூலும் அழுக்கும் ஒட்டி, மூலையில் கொஞ்சம் சந்தனம்.

எடுத்து நனையாமல் வாளி விளிம்பில் ஒட்டினேன். அப்பா சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. முந்தின நாள் ஆடிட் வந்திருக்கிறது. திருப்பி ஒட்டுவதற்குள் ஷிப்ட் முடிந்திருக்கும்.

கோபம் வரவில்லை. பயம் வந்தது.

கேட்டபோது பிரபு மழுப்பினான். “நாளைக்கி எடுத்துருவன்க்கா. லிஸ்ட்டு போடப் போறாங்க. அது வரைக்கும்தான்.” பர்மனென்ட் லிஸ்ட் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று அவன் சேர்ந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மா அழுதாள். அப்பா சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். “மாரி, நீ கேட் வேலையப் பாரு” என்று அந்த ஆள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் அப்பாவிடம் கேட்டேன். “மஞ்சளத் திரும்பப் போட்டுரட்டுமாப்பா? அவனுக்கு வேல போயிரும். உனக்கும் போனாலும் போவும்.”

அப்பா தன் இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டார்.

“போடு” என்றார்.

போட்டேன். இந்தத் தடவை தெரிந்தே வரைந்தேன். அரக்கன் கதையைத் தூக்கி எறிந்தேன். ஒரு கை டேப்பைக் கிழித்துப் பட்டனில் ஒட்டுகிறது. வேகம். இன்னும் வேகம். பிறகு அடி. பிறகு பூசணிக்காய். பூசணிக்காய்த் துண்டுகளைப் பெருக்கித் தள்ளியதும் வேறொரு கை வந்து வலது பட்டன் மேல் உட்காருகிறது. இடது பட்டனில் அதே டேப். அவ்வளவுதான் படம். மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

திரையிட்ட நாள்

கல்லூரி ஹாலில் போட்டார்கள். மீன் பறந்தது, மரம் பேசியது, கைதட்டினார்கள். என் படம் முடிந்ததும் கைதட்ட மறந்துபோனார்கள். பிரஸ் இறங்கும் சத்தத்துக்குப் பிரபுவின் வீடியோவில் இருந்ததையே போட்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கடைசி வரிசையில் இருந்த அப்பாவின் தோள் அசைந்ததைப் பார்த்தேன். பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர், “அந்த மஞ்சள் நல்ல குறியீடு. நம்பிக்கையின் நிறம்” என்று மைக்கில் சொன்னார். தேறினேன். பரிசு மீனுக்கு.

யாரோ போனில் எடுத்து அனுப்பியது ஓசூர் முழுக்கச் சுற்றி, இரண்டு நாளில் பிரஸ் ஷாப்புக்கு வந்து சேர்ந்தது. சந்தனப் பொட்டை வைத்தே மெஷினைக் கண்டுபிடித்தார்கள். பிரபுவை நிறுத்தினார்கள், உள்ளே போன் கொண்டுபோனதற்காக. அப்பாவை நிறுத்தினார்கள், போனை உள்ளே விட்டதற்காக. டேப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து எல்லாத் தொழிலாளிகளையும் உட்காரவைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்களாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதையாவது செய்தார்களே.

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த மாதிரி ஆயிருச்சு” என்றாள் அம்மா. பிரபு அதுகூடச் சொல்லவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்தினான். பாகலூர் பக்கம் பூ லாரிக்கு லோடு ஏற்றப் போனான். ரோஜா முள் கிழித்த கையோடு வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவான். நான் பின்னால் நின்று பார்ப்பேன். சோற்றைப் பிசையும் ஐந்து விரல். தட்டைப் பிடித்திருக்கும் ஐந்து விரல். பேசாவிட்டால் போகட்டும் என்று நினைத்துக்கொள்வேன். நினைக்கும்போதே அழுகை வரும்.

பேச்சில்லாத படம்

மாதங்கள் போயின. எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. குழந்தைகள் பாட்டுக்கு யானை வரையும் வேலை. தினமும் அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் போய் வந்தேன். அங்கேயும் ஒருவர், குரங்குக்கு நாலு விரல் போதும் என்றார். சரி என்றேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். பிரபு எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். முதுகைக் காட்டவில்லை. நேராகப் பார்த்தான்.

“அக்கா.”

எத்தனை மாதம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்கிறேன். கைப்பையை வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“என் மெஷின்ல இப்ப பிகாஷண்ணனப் போட்டிருக்காங்களாம். கூட இருந்த பையன் சொன்னான்.”

“டேப்பு?”

ஆமாம் என்று தலையாட்டினான். அப்பா சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

“போன் பண்ணன். எனுக்கு இந்தி வரல, அவுருக்குத் தமிழ் வரல. டேப்பு, டேப்புன்னு கத்தறன், அவுரு ‘சாப்டியா, சாப்டியா’ன்னு சிரிக்கறாரு.” பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டான். “உன் படத்துல பேச்சே இல்லதான?”

“இல்ல.”

“எனுக்கு அனுப்பு.”

அனுப்பினேன். அவன் அதை பிகாஷுக்கு அனுப்பினான். நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில், அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தது. அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டோம். போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

பதில் வரவில்லை. மறுநாள் அவருக்குக் காலை ஷிப்ட்.